கோப்பு மேலே ஏறும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிறார்.

உன்னை ஆய்வகத்திலிருந்து டெல்லி அலுவலகத்துக்கு மாற்றுகிற விஷயம் போனில் பேசி முடிகிறதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "இத்தனை வருஷம் உலோகம் உருக்கிட்டு, இனிமே கோப்பு தள்ளப் போகணுமாம்மா?" என்று கேட்டாய். அப்பா அன்று ராத்திரியே தீர்ப்பு சொல்லிவிட்டார்: போகக் கூடாது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்தவர். கையில் கிரீஸ் படாத வேலையை வேலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பாதுகாப்புக் கணக்குத் துறைக்காரியான என்னோடு இவ்வளவு காலம் எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பது ஆச்சரியம்தான்.

நான் சொல்வது, போ. உன் ஆசைக்கோ சம்பளத்துக்கோ சொல்லவில்லை. உன்னைப் போன்றவர்கள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆய்வகத்துக்காரர்கள் எங்களை எதிரி மாதிரிதான் பார்ப்பார்கள். "அக்கவுண்ட்ஸ்ல மாட்டிக்கிச்சு" என்பது உங்கள் கேன்டீனில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். அந்த "அக்கவுண்ட்ஸ்" நான்தான்.

முதலில் உன் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். நீ சேர்ந்த புதிதில் ஹைதராபாத் காஞ்சன்பாக் என்று முகவரி சொன்னதும் அப்பா குதித்தார், நினைவிருக்கிறதா? அர்ஜுன் டாங்கியின் காஞ்சன் கவசம் அங்கே பிறந்தது, பெயரே அந்த இடத்தின் பெயர்தான் என்று. அதே ஆய்வகத்தின் இயக்குநர் நாற்காலியிலிருந்துதான் வி.எஸ். அருணாசலம் 1982-ல் டெல்லிக்குப் போனார். பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் ஆனபோது அவருக்கு 46 வயது. அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்களைப் பார்: 1948-ல் தொடங்கி டி.எஸ். கோத்தாரி, பகவந்தம், நாக் சௌத்ரி, எம்.ஜி.கே. மேனன், ராஜா ராமண்ணா. எல்லோரும் இயற்பியல்காரர்கள். பல்கலைக்கழகம், அணுசக்தி என்று வேறு இடங்களில் பெயர் வாங்கிவிட்டு வந்தவர்கள். உலோகத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள்ளிருந்து எழுந்து போய் அங்கே உட்கார்ந்தது புதுசு. பத்து வருஷம் உட்கார்ந்தார்.

அந்தப் பத்து வருஷத்தில் அவர் உலை பக்கம் போயிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் என்ன செய்தார்? ராமண்ணா காலத்தில் தொடங்கிய பேச்சை முடித்து, விண்வெளித் துறையிலிருந்த அப்துல் கலாமை ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்துக்கு இயக்குநராகக் கொண்டுவந்தார். அடுத்து இருவரும் சேர்ந்து ஏவுகணைத் திட்டத்தை அமைச்சரிடம் கொண்டுபோனார்கள். அமைச்சர் யார்? நம்ம ஆர். வெங்கட்ராமன், தஞ்சாவூர் ஜில்லா ராஜாமடத்துக்காரர். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறோம் என்று இவர்கள் போக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள் என்று கலாமே எழுதியிருக்கிறார். 1983-ல் 388 கோடி ரூபாய் அனுமதி கிடைத்தது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்று ஐந்து ஏவுகணைகள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் வெங்கட்ராமனின் துணிச்சலைப் பாராட்டுவார்கள், கலாமின் உழைப்பைப் பாராட்டுவார்கள். நான் பார்ப்பது அருணாசலத்தை. தன் ஆய்வகத்து ஆளையோ தனக்கு வேண்டியவரையோ போடாமல் வேறு துறையிலிருந்து ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்குப் பணமும் பிடித்துக் கொடுத்து, பத்து வருஷம் முன்னால் நின்றார். மேலதிகாரி என்றால் இதுதான் வேலை. இதைக் கோப்பு தள்ளுவது என்று சொன்னால், சரி, கோப்புதான் தள்ளினார்.

ஐந்தும் கரை சேர்ந்ததா என்றால் இல்லை. திரிசூல் படைக்கு வராமலே நின்றுபோயிற்று. நாக் படைக்குத் தயாராகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அக்னியை முதலில் தொழில்நுட்பம் கைக்கு வருகிறதா என்று பார்க்கிற திட்டமாகத்தான் எழுதினார்கள். அதுவே இன்று எல்லோர் வாயிலும். எது ஓடும், எது நொண்டும் என்று 1983-ல் எந்தக் கணக்கு அதிகாரியாலும் சொல்லியிருக்க முடியாது. எஞ்சினியராலும்தான்.

இனி நான் உண்மையில் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஆய்வகம் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். ஒரு திட்டத்துக்குக் காலநீட்டிப்பு கேட்டு வந்த கோப்பு. தடித்த அட்டை, சிவப்பு நாடா, பக்கவாட்டில் எட்டிப்பார்க்கிற கொடிச் சீட்டுகள். உள்ளே பச்சை நோட் ஷீட். இப்போது எல்லாம் இ-ஆபீஸ் ஆகிவிட்டது, ஆனால் திரையிலும் அந்தப் பச்சையை விடவில்லை, கவனித்திருப்பாய். திட்டம் முடிய வேண்டிய உத்தேசத் தேதி, நீங்கள் பிடிசி என்பது, தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. "இந்தச் சிக்கல் முன்பே ஏன் தெரிவிக்கப்படவில்லை?" என்று நான் வழக்கமான கேள்வியை எழுதி அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: கொடி 'ஏ' பார்க்க.

பிரித்துப் பார்த்தேன். திட்டத்தின் முதல் குறிப்பு. எழுதியவர் உன் வயதில்கூட இருந்திருக்க மாட்டார். நாற்பத்தெட்டு மாதத்தில் முடியலாம் என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாக நிபந்தனை வைத்திருந்தார். இறக்குமதி செய்கிற உலை முதல் வருஷமே வந்து சேர வேண்டும். விற்கிற நாட்டின் ஏற்றுமதி அனுமதி தடைபடக் கூடாது. சோதனைத் தளத்தில் தேதி கிடைக்க வேண்டும். படையினர் கேட்கிற அளவுகள் நடுவில் மாறக் கூடாது. எல்லாம் சுத்தமான கையெழுத்தில்.

அடுத்த பக்கத்தில் அவருக்கு மேலதிகாரியின் குறிப்பு: "உலை வருகை, சோதனை வசதி ஆகியவற்றுக்கு உட்பட்டு 48 மாதம்." நாலு நிபந்தனை இரண்டாகிவிட்டது. அதற்கும் மேலே: "48 மாதத்தில் முடிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது." அதற்கும் மேலே போன சுருக்கக் குறிப்பில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் "பிடிசி: 48 மாதம்". அவ்வளவுதான்.

யாரும் பொய் சொல்லவில்லை, பாப்பா. அதுதான் எனக்குப் பிடிபட நேரமாயிற்று. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சில் ஒரு வீட்டில் "பார்க்கலாம்" என்று சொன்னது தரகர் வாய்வழியாக அடுத்த வீட்டுக்குப் போகிறபோது "சம்மதம்" ஆகிவிடுகிற மாதிரி. கடைசியில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து அந்தத் தேதியைச் சொல்வார். தேதி தவறும்போது பத்திரிகைகள் கேள்வி கேட்கும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் ஒரு பத்தி வரும், ஆய்வகத்தில் இருக்கிற அந்தச் சின்னப் பையன் தலைகுனிந்து நிற்பான். அவன் எழுதிய நாலு வரி எங்கேயோ கொடிச் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

உன்னை டெல்லிக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். கோப்பு மேலே ஏறும்போது அந்த நாலு வரியும் உதிராமல் கூடவே ஏறுகிறதா என்று பார்க்கிற ஒரு ஆள் அங்கே வேண்டும். அந்த நாலு வரிக்கு அர்த்தம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். உலை தாமதமானால் என்ன ஆகும் என்பது கோப்பிலேயே வளர்ந்த அதிகாரிக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வெறும் வாக்கியம். உனக்கு அது ஒரு வருஷம்.

தேஜஸ் போர் விமானத்துக்காக நாமே செய்யத் தொடங்கிய காவேரி எஞ்சினைப் பற்றி நம் வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். 1989-ல் 382.81 கோடி ரூபாய்க்கு அனுமதி. 1996 டிசம்பரில் முடியும் என்றார்கள். அப்புறம் செலவு 2,839 கோடி ரூபாய் என்று திருத்தினார்கள்; 2008-ல் தேஜஸ் விமானத்திலிருந்தே அந்த எஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். தணிக்கை அறிக்கையில் படித்தால் எல்லாம் அலட்சியம் மாதிரி தெரியும். நீதான் அன்று சாப்பாட்டு மேஜையில் உள்ளங்கையை விரித்துக் காட்டி விளக்கினாய். டர்பைன் பிளேடு இவ்வளவுதான் பெரிசு. அது முழுக்க ஒரே படிகமாக வளர வேண்டும். வார்க்கும்போது ஓரத்தில் வேறொரு படிகம் தலைகாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அமிலத்தில் முக்கி எடுத்தால்தான் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். தெரிந்ததும் அந்த பிளேடு குப்பை. அந்த வித்தையை உலகத்தில் கை தேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் யாருக்கும் கற்றுத் தர மாட்டார்கள் என்றாய். எஞ்சினை உயரத்தில் ஓட்டிப் பார்க்க நாட்டில் இடமே இல்லாமல் ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2010-ல் அங்கே ஒரு இல்யுஷின் விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். 1989-ல் தேதி போட்டபோது இதில் எதுவும் யாருக்கும் தெரியாதா? தெரிந்திருக்கும். எங்கேயோ யாரோ எழுதியிருப்பார்கள். தேதிதான் மேலே போயிற்று.

2021-ல் உங்கள் ஆய்வகம் ஒற்றைப் படிக பிளேடு 60-ஐ ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக விமானம் செய்கிற அரசு நிறுவனமான எச்ஏஎல்லிடம் கொடுத்த செய்தி வந்தது. அப்பா அந்தப் பத்திரிகைத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டினார். அவரே இப்போது டெல்லி வேண்டாம் என்கிறார். அந்த பிளேடுக்கு வருஷக்கணக்கில் பணம் நிற்காமல் வந்ததற்கு யாரோ ஒருவர் டெல்லியில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னேன். "அது வேற" என்றார். அவரிடம் வாதம் ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

அர்ஜுன் விஷயத்தில் மட்டும் அப்பாவும் நானும் ஒரே கட்சி. 1974-ல் 15.5 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்த டாங்கி. முதலில் 105 மில்லிமீட்டர் பீரங்கி கேட்டார்கள், பிறகு 120 என்றார்கள். நாமே செய்கிறோம் என்ற எஞ்சின் கைகூடவில்லை, ஜெர்மன் எஞ்சின் வந்தது. பீரங்கி பெரிசானால் கவசம், எடை, சஸ்பென்ஷன் எல்லாம் மாறும். படை சொன்ன அளவு மாறியதற்குப் படையைக் குறை சொல்வதா? எதிரி நாட்டு டாங்கி மாறினால் அவர்களும் மாறத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவை அளவு மாறும்போதும் தேதியும் பணமும் கூடவே மாறும் என்று அதே நாளில், அதே அறையில் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்து, பிறகு காலநீட்டிப்பு கேட்பது உங்கள் குலத்தின் பழைய வியாதி. செய்துவிடலாம் என்கிற ஆசையில் வருகிற தலையாட்டல் அது, தெரியும். ஆவடியில் அந்த டாங்கியோடு வாழ்ந்த எம். நடராஜன் 2004-ல் உங்கள் ஆய்வகங்களுக்கெல்லாம் தலைமையான டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக ஆனார். அந்த வருஷம்தான் முதல் அர்ஜுன்கள் படையிடம் போயின. முப்பது வருஷம்! 2021-ல் 118 அர்ஜுன் மார்க் 1ஏ-வுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் வந்தபோது அப்பா ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கேசரி கிண்டச் சொன்னார்.

கலாம் பற்றி நான் எழுதப் போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். எஸ்எல்வி ராக்கெட் விழுந்ததும் விண்வெளித் துறைத் தலைவர் தவான் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்றதையும், ஜெயித்ததும் கலாமை அனுப்பியதையும் தமிழ்நாட்டில் சொல்லாத பள்ளி ஆண்டுவிழா இல்லை. நான் அதைத் தொடவில்லை. வேறொன்று. அவர் அறிவியல் ஆலோசகராக வந்த புதிதில், 1990-களின் தொடக்கத்தில், அவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. பாதுகாப்புக் கொள்முதலில் உள்நாட்டுப் பங்கு அப்போது 30 சதவீதம். அதை 2005-க்குள் 70 சதவீதம் ஆக்குவோம் என்று இலக்கு வைத்தார்கள். 2005 வந்தது, போனது. இலக்கு எட்டவில்லை. கலாமின் நேர்மை மேல் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. அவர் இலக்கு வைத்ததிலும் தப்பில்லை, யாராவது வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 70-ல் தொழிற்சாலைகள் என்ன செய்ய வேண்டும், படைகள் என்ன செய்ய வேண்டும், நிதி அமைச்சகம் என்ன செய்ய வேண்டும் என்கிற பங்கு எல்லாம் பேச்சிலிருந்து கழன்றுபோய், எண் மட்டும் மேடை மேடையாக உலா வந்தது. அவ்வளவு பெரிய மனிதரின் வாயிலிருந்து வந்த எண் என்பதாலேயே அதை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. உனக்கும் ஒருநாள் அப்படி ஒரு பெயர் வரலாம். அப்போது நீ சொல்கிற எண்ணையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நிலை வந்தால் பயப்படு.

அதே கலாமிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. 1989-ல் அக்னி. ஏப்ரல் 20 என்று நாள் குறித்தாயிற்று, கடைசி விநாடிகளில் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. மே 1-ஆம் தேதி மறுபடி முயன்றார்கள், மறுபடியும் நின்றது. நாடு முழுக்கக் கேலி, பத்திரிகைகளில் கார்ட்டூன். வெளிநாடுகளும் வேண்டாம் வேண்டாம் என்று நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கேலிக்கு அஞ்சி அவசரப்படாமல், கோளாறைத் தேடிச் சரிசெய்து, மே 22-ஆம் தேதி பறக்கவிட்டார்கள்.

ஏவுதளத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வால்வு சரியில்லை என்றால் இயந்திரமே நிறுத்திவிடும். அமைச்சர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. நீ போகிற அலுவலகத்தில் அப்படி எதுவும் கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் தேதியை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது "நிறுத்துங்கள், மூன்றாவது நிபந்தனை என்ன ஆயிற்று?" என்று கேட்க ஒரு மனிதர் வாய் திறக்க வேண்டும். கேட்ட ஆளை அந்த அறையில் யாருக்கும் பிடிக்காது. என்னை அப்படிப் பல அறைகளில் பிடிக்காமல் போயிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, டீ மட்டும் கடைசியாக வரும்.

அமெரிக்காவில் வில்லியம் பெர்ரி என்று ஒருவர். கணிதத்தில் டாக்டர் பட்டம், மின்னணுப் போர்க்கருவி ஆய்வகத்தில் வேலை, பிறகு சொந்த நிறுவனம், 1977-ல் பாதுகாப்புத் துறையில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பெரிய பதவி, 1994-ல் பாதுகாப்பு அமைச்சர். உன் பாதையை இன்னும் நீட்டினால் எங்கே போகும் என்பதற்கு நல்ல உதாரணம். 1979-ல் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு அவருக்குப் போன் வருகிறது. சோவியத்திலிருந்து 200 ஏவுகணைகள் வந்துகொண்டிருப்பதாகத் திரை காட்டுகிறது என்று கண்காணிப்பு மையத்து அதிகாரி சொல்கிறார். பயிற்சிக்கான நாடா தவறுதலாக உண்மைக் கணினியில் ஓடியிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அந்த அதிகாரி போன் செய்தபோதே அதைத் தவறு என்று நினைத்துத்தான் பேசினார். இப்படி ஒரு கோளாறு எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க உதவி கேட்டுத்தான் பெர்ரியை எழுப்பினார். தன் திரையே தப்பு என்று மேலிடத்துக்கு நடுராத்திரியில் சொல்லக்கூடிய ஒருவர் கீழே இருந்தார். கேட்கக்கூடிய ஒருவர் மேலே இருந்தார். ஆயுதம் செய்தே வளர்ந்த பெர்ரி, பதவி முடிந்த பிறகு அணு ஆயுதமே வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசினார்.

உன்னிடம் சின்னப் பிள்ளைகள் கெட்ட செய்தி கொண்டுவருவார்கள். முதல் தடவை நீ முகம் சுளித்தால் போதும், இரண்டாவது தடவை வர மாட்டார்கள். வேறு யாரிடமாவது நல்ல செய்தியாக மாற்றி அனுப்புவார்கள். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் எண் போடுகிற கை உன்னுடையது என்பது உனக்கு மறந்தாலும் அவர்களுக்கு மறக்காது. உனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும், அப்பா வழி. அதை அப்பா மாதிரியே டாங்கிப் பேச்சில் மட்டும் காட்டு.

இன்னொன்று, இது கணக்குக்காரியின் கண். வெகுகாலம் ஒரே ஆள்தான் டிஆர்டிஓ தலைவர், துறைச் செயலாளர், அமைச்சருக்கு அறிவியல் ஆலோசகர். அதாவது பொருளைச் செய்து கொடுப்பவரும் அவரே, அது நன்றாக இருக்கிறதா என்று வாங்குகிறவருக்கு யோசனை சொல்பவரும் அவரே. 2015-ல் எஸ். கிறிஸ்டோபர் தலைவராக வந்தபோது ஆலோசகர் பதவியைத் தனியாகப் பிரித்து சதீஷ் ரெட்டியிடம் கொடுத்தார்கள். அது எந்த நேரமும் மறுபடி ஒன்றாகச் சேரலாம், பிரியலாம், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பதவியைப் பிரித்தாலும் மனதுக்குள் அது பிரிய வேண்டும். உன் பழைய ஆய்வகத்தின் திட்டம் உன் மேஜைக்கு வரும், கட்டாயம் வரும். அன்றைக்கு நீ காஞ்சன்பாக்காரி இல்லை. அந்தக் கோப்பை மற்றதைவிட இரண்டு தடவை அதிகம் படி. நண்பர்கள் சங்கடப்பட்டால் படட்டும்.

பெண் என்பதால் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருந்தாய். சொல்வார்கள். 2015-ல் ஜே. மஞ்சுளா டிஆர்டிஓவின் முதல் பெண் டைரக்டர் ஜெனரல் ஆனார். டெஸ்ஸி தாமஸ் அக்னி திட்டத்தை நடத்திக்காட்டினார். செயலாளர் நாற்காலியில் மட்டும் இன்னும் ஒரு பெண் உட்காரவில்லை. அந்த நாற்காலி உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. உன் பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், ஊர் முழுக்கவும் சொல்லியிருப்பாள்.

மற்ற விஷயங்கள். பிள்ளையின் படிப்பு நடுவில் மாற வேண்டாம் என்றால் இந்த வருஷம் மாப்பிள்ளையும் அவனும் ஹைதராபாத்திலேயே இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், அப்பாவையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். டெல்லியில் அரசு வீடு ஒதுக்க நாளாகும், விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடு. குளிருக்கு உன்னிடம் ஒரு உருப்படியான கோட்டு இல்லை. ஆய்வகக் கோட்டைச் சொல்லவில்லை.

மை விஷயம் தெரியுமா? பச்சை, சிவப்பு மையில் எழுதுகிற உரிமை ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கும்தான் என்று அலுவலக நடைமுறைக் கையேட்டில் இருக்கிறது. என் சர்வீஸ் முழுக்க நீல மையிலேயே போயிற்று. இப்போது எல்லாம் திரையில் என்றாலும், எங்கேயாவது ஒரு காகிதத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட வாய்ப்புக் கிடைத்தால் போட்டுவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. ரகசியக் காகிதமாக இல்லாமல் பார்த்துக்கொள்.

பொறுப்பேற்கிற வாரமே உன் பிரிவில் நடக்கிற திட்டங்களின் பட்டியலைக் கேள். சுருக்கக் குறிப்பு கொடுப்பார்கள், அழகாக அச்சடித்து, வண்ண வண்ணக் கட்டங்களோடு. அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆய்வகத்திலிருந்து முதன்முதலில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொல். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், இரண்டு நாள் இழுப்பார்கள். பரவாயில்லை, காத்திரு. வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. எந்த நிபந்தனை எந்தப் பக்கத்தில் காணாமல் போயிற்று என்று பென்சிலால் குறித்துக்கொள். அதற்குப் பிறகு அந்தந்த ஆய்வகத்துக்கு நீயே போன் செய்து, குறிப்பை எழுதியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேள்.

ரயிலில் போவதா விமானமா என்று முடிவானதும் சொல். அப்பா ஸ்டேஷனுக்கு வருவதாக இருக்கிறார். போகக் கூடாது என்று சொன்ன அதே அப்பாதான்.

அன்புடன்,
அம்மா